காடில்லாத நாட்டின் காட்டு ஓவியர்

டச்சு ஓவியர் பாரென்ட் கொர்னெலிஸ் கூக்கூக் வரைந்த காட்டுக் காட்சிகளில் அநேகமாக எப்போதும் ஒரு கிழட்டு ஓக் மரம் நிற்கும். அதன் அடியில் மணற்பாதை ஒன்று வளைந்து போகும். பாதையில் விறகு சுமந்து வரும் ஒருவர், கூடையோடு ஒரு பெண், சில சமயம் ஒரு கழுதையோ நாலைந்து ஆடுகளோ இருக்கும். மாலை வெயில் ஒரு பக்கத்திலிருந்து விழுந்து மரத்தின் தண்டைப் பொன்னிறமாக்கியிருக்கும். இப்படிப்பட்ட படங்கள் 1840களில் ஆம்ஸ்டர்டாம் வணிகர்களின் வீட்டுக் கூடங்களில் தொங்கின. அந்த வீடுகளின் சன்னலைத் திறந்தால் தெரிவது கால்வாய், ஊரைத் தாண்டினால் தாழ்ந்த புல்வெளி, காற்றாலை, மிகப் பெரிய வானம். காடு மட்டும் கிடையாது.

நெதர்லாந்தில் இன்றுகூட நிலப்பரப்பில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் காடு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது இன்னும் மிகச் சிறிய பங்காக இருந்தது. கப்பலுக்கும் கட்டடத்துக்கும் விறகுக்கும் மரம் வெட்டியே பல நூற்றாண்டுகள் ஓடியிருந்தன. நாட்டின் நடுவே உள்ள வேலுவே மேட்டுநிலத்தில் ஆடு மேய்ந்து மேய்ந்து காடு புதர்வெளியாகிவிட்டது. சில இடங்களில் புதரும் அழிந்து, மணல் காற்றில் நகரத் தொடங்கியது. மிச்சமிருந்த ஓக் காடுகளிலும் பெரும்பகுதி, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அடியோடு வெட்டி மறுபடி துளிர்க்க விடும் காடுதான். அந்த இளங்கொம்புகளின் பட்டையை உரித்துத் தோல் பதனிடும் கூடங்களுக்கு விற்பார்கள். உரித்த கொம்பு அடுப்புக்குப் போகும். முந்நூறு வயது மரம் நிற்க அங்கே இடமே இல்லை. பெருமரங்கள் இருந்ததெல்லாம் பிரபுக்களின் தோட்டங்களிலும் சில ஒதுக்குப்புறங்களிலும்தான்.

இப்படிப்பட்ட நாட்டில் காட்டை வரைந்தவர் எப்படி அந்தத் தலைமுறையின் முதன்மையான நிலக்காட்சி ஓவியராக ஆனார்? அவர் வரைந்த காடு எங்கே இருந்தது? முதல் கேள்விக்கு விடை காண, இரண்டாவதைப் பின்தொடர்ந்து போக வேண்டும்.

கூக்கூக் 1803இல் மிடல்பர்க் நகரில் பிறந்தார். அது ஸேலண்ட் மாகாணம், சுற்றிலும் கடல். தந்தை யோஹன்னஸ் ஹெர்மனுஸ் கூக்கூக் கடலையும் கப்பலையும் வரைந்து பெயர் வாங்கியவர். பிள்ளைகளும் தூரிகை பிடித்தார்கள். அப்பாவின் கடலும் கப்பலும் சில பிள்ளைகளுக்கும் தொடர்ந்தன. மூத்தவரான பாரென்ட் கொர்னெலிஸ் மட்டும் கரையைப் பார்த்தார். 1822இல் ஆம்ஸ்டர்டாமின் அரசு கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே அவருடைய ஆசிரியர் ஷான் ஒகுஸ்தேன் தைவாய், முக ஓவியர். பிற்பாடு, 1833இல், அந்த ஆசிரியரின் மகள் எலிஸ் தெரேஸை மணந்துகொண்டார். எலிஸும் ஓவியர், கல்லச்சில் தேர்ந்தவர்.

படிப்பு முடிந்ததும் அவர் போன இடங்களை வரிசையாகப் பார்த்தால் ஒரு தேடல் புலப்படும். முதலில் ஹில்வர்சம்: ஆம்ஸ்டர்டாமுக்குக் கிழக்கே கொஞ்சம் மேடும் புதர்வெளியும் மரங்களும் உள்ள பகுதி. பிறகு நைமேகனுக்குப் பக்கத்தில் பேக் என்ற சிற்றூர். அங்கே உண்மையாகவே குன்றுகள் இருக்கின்றன. இடையில் ஜெர்மனியின் ஹார்ஸ் மலை, ரைன், ரூர் பள்ளத்தாக்குகளில் பயணம். கடைசியில் 1834இல் எல்லையைக் கடந்து, அன்று பிரஷ்ய ஆட்சியில் இருந்த, இன்று ஜெர்மனியில் உள்ள கிளேவே நகரத்தில் குடியேறினார். சாகும்வரை அங்கேயே இருந்தார். ஒவ்வொரு இடமாற்றத்திலும் நிலம் கொஞ்சம் உயர்கிறது, மரம் கொஞ்சம் முதிர்கிறது. டச்சு நிலக்காட்சியின் இளவரசர் என்று பாராட்டப்பட்டவர் தன் நிலக்காட்சிக்காக டச்சு நாட்டை விட்டுப் போக வேண்டியிருந்தது.

கிளேவே ஏன்? நைமேகனிலிருந்து அது சுமார் 25 கிலோமீட்டர்தான். வாங்குகிறவர்கள் ஆம்ஸ்டர்டாமிலும் ஹேகிலும் இருந்தாலும் அவர்களுக்கு எட்டும் தூரம். கீழே ரைன் சமவெளி, மேலே குன்றில் ஒரு பழைய கோட்டை, ஊரை ஒட்டி ரைஷ்ஸ்வால்ட் என்னும் பெருங்காடு. இன்றும் அது சுமார் 5,000 ஹெக்டேர் பரந்து கிடக்கிறது. தவிர, கிளேவே முன்பே கண்ணுக்கு விருந்தாக வடிவமைக்கப்பட்ட ஊர். 17ஆம் நூற்றாண்டில் அங்கே ஆளுநராக இருந்த நாசவ்-ஸீகன் இளவரசர் யோஹான் மவுரிட்ஸ், மரச்சாலைகளும் தோட்டங்களும் குன்றிலிருந்து தொலைவைப் பார்க்கும் இடங்களும் அமைத்திருந்தார். ரைன் பயணம் ஐரோப்பிய நடுத்தர மக்களிடையே பரவிவந்த காலம் அது. ஆகவே கூக்கூக் போய் உட்கார்ந்த இடம் யாரும் அறியாத வனாந்தரம் இல்லை. பார்ப்பதற்கு என்றே மனிதர்கள் ஒழுங்குபடுத்தி வைத்த நிலத்தின் ஓரத்தில், உண்மையான பெருமரங்கள் நின்ற இடம்.

இனி, அந்தப் படங்கள் எப்படி உருவாயின என்பது. இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் கூக்கூக்கைப் பிடிக்காதவர்கள் சொல்லும் குறை எல்லாம் இங்கேதான் தொடங்குகிறது.

அவர் காட்டில் உட்கார்ந்து அந்தப் படங்களைத் தீட்டவில்லை. காட்டில் அவர் செய்தது படிப்பு. பென்சிலாலும் மையாலும் நீர்வண்ணத்தாலும், சில சமயம் எண்ணெய் வண்ணத்தாலும், ஒரு தண்டு, ஒரு வேர்முடிச்சு, முறிந்த ஒரு கிளை, பாதையோரத்துச் செடி என்று தனித்தனியாகப் பதிவுசெய்துகொள்வார். படம் பிறந்தது வீட்டுப் பணிக்கூடத்தில். அந்தக் காலத்தில் இது ஒன்றும் சோம்பலால் வந்த வழக்கமும் இல்லை. எண்ணெய் வண்ணத்தை வெளியே கொண்டுபோவது தொல்லையான காரியம். பன்றியின் சிறுநீர்ப்பையில் வண்ணத்தைக் கட்டி, ஊசியால் துளையிட்டுப் பிதுக்கி எடுக்க வேண்டும். பிதுக்கியபின் மறுபடி சரியாக மூடவும் முடியாது. ஜான் கோஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் தகரக் குழாய்க்குக் காப்புரிமை பெற்றது 1841இல். கூக்கூக்கின் கைப்பழக்கம் அதற்குள் முழுவதுமாக உருவாகிவிட்டிருந்தது.

பணிக்கூடத்தில் அவர் அந்தத் துண்டுகளைச் சேர்த்துக் கட்டுவார். கிளேவே பக்கத்து ஓக் மரத்துக்குப் பின்னால் ரைன் கரைக் குன்று வரலாம், அதன் மேல் வேறெங்கோ பார்த்த ஒரு பாழடைந்த கோட்டை வரலாம். அந்தக் காட்சியைப் பார்க்கும் ஓர் இடம் பூமியில் எங்கும் இருக்காது. ஆனால் மரத்தின் அருகே கண்ணைக் கொண்டுபோனால் கதை மாறுகிறது. ஓக் இலையையும் பீச் இலையையும் அவர் குழப்புவதில்லை. ஓக்கின் பட்டை ஆழமாகப் பிளந்து கரடாக இருக்கும். பீச்சின் பட்டை வழவழப்பான சாம்பல் நிறம். பாசி எந்தப் பக்கம் ஏறியிருக்கிறது, மின்னல் தாக்கிய கிளை எங்கே காய்ந்து வெள்ளையாகிறது, மண் அரித்த கரையில் வேர் எப்படி வெளியே வருகிறது என்பதையெல்லாம் மெல்லிய வண்ணப் படலங்களால், தூரிகையின் தடம் தெரியாமல், வழவழப்பாகத் தீட்டியிருப்பார். பல படங்களுக்கு அவர் கித்தானை விட மரப்பலகையையே தேர்ந்தெடுத்ததற்குப் பொருள் இருக்கிறது. அந்த நுணுக்கத்துக்குப் பலகையின் மட்டமான பரப்பு தோதானது.

ஆக, பகுதிகள் எல்லாம் மெய், முழுமை மட்டும் கற்பனை. இது அவருக்கு முரண்பாடாகவே தோன்றவில்லை. 1841இல் அவர் ஒரு நூல் வெளியிட்டார். ஒரு நிலக்காட்சி ஓவியனின் நினைவுகளும் செய்திகளும் என்பது அதன் தலைப்பின் பொருள். ரைன் பகுதியில் செய்த பயணத்தைச் சொல்லிக்கொண்டே இளம் ஓவியர்களுக்கு அவர் தரும் அறிவுரை, இயற்கையை வெளியே போய்ப் பணிவோடு படியுங்கள் என்பதுதான். இயற்கை கடவுளின் படைப்பு, அதை அலட்சியமாக வரைவது தவறு என்ற சமய உணர்வு அந்தத் தலைமுறைக்கு இயல்பானது. அதே சமயம், கண்ணில் பட்டதையெல்லாம் அப்படியே வைப்பது ஓவியமாகாது, தேர்ந்து அடுக்க வேண்டும் என்பதும் அவர்களுடைய நம்பிக்கை. இன்றைக்கு நமக்கு ஒளிப்படம் பழகிப்போனதால் இந்த இரண்டாவது பாதி உறுத்துகிறது. அது நம் பழக்கத்தின் விளைவு, அவருடைய குறை என்று நான் நினைக்கவில்லை.

அடுக்கும் முறையைக் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் பெரிய மரம் நடுவில் இராது, ஒரு பக்கமாக நிற்கும். அதன் நிழல் முன்தரையை இருட்டாக்கும். நிழலுக்கு அப்பால் பாதையின் மேல் ஒரு வெளிச்சத் திட்டு. அதைத் தாண்டி மரங்களுக்கு இடையே ஒரு திறப்பு. திறப்பில் நீலம் படிந்த தொலைவு, ஒரு ஆற்று வளைவு, சில நேரம் ஊர்க்கோபுரம். நம் கண் இருட்டில் நுழைந்து, வெளிச்சத்தில் தங்கி, தொலைவுக்குப் போய்ச் சேரும்படி வழி போடப்பட்டிருக்கிறது. மனிதர்கள் மிகச் சிறியவர்கள். ஓக்கின் மிகத் தாழ்ந்த கிளைக்குக்கூட அவர்கள் தலை எட்டாது. ஆனாலும் அவர்கள் பயந்தவர்களாகவோ தனிமையில் உருகுபவர்களாகவோ இல்லை. விறகு சுமப்பவருக்குச் சுமைதான் கவலை. ஆடு மேய்ப்பவர் ஆட்டைப் பார்க்கிறார். ஜெர்மன் கற்பனாவாத ஓவியங்களில் மனிதன் முதுகைக் காட்டி நின்று எல்லையின்மையை வெறித்துப் பார்ப்பான். கூக்கூக்கின் மனிதர்களுக்கு அதற்கு நேரமில்லை. இந்த வேறுபாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். காடு அவருடைய படத்தில் ஒரு வேலையிடம். அன்றைய காடுகளும் அப்படித்தான் இருந்தன. மேய்ச்சலும் விறகும் பட்டையும் பன்றிக்கு ஓக் கொட்டையும் தந்த இடங்கள்.

குளிர்காலக் காட்டையும் அவர் நிறைய வரைந்தார். இலையில்லாத ஓக்கின் கிளைப்பின்னல் அவருக்கு ஒரு சவால் போல இருந்திருக்க வேண்டும். ஒவ்வொரு சிறு கொம்பின் மேல்பக்கத்திலும் பனிக் கோடு, கீழே உறைந்த ஓடை, வானில் இளஞ்சிவப்பு. குளிர்க் காட்சிகளில் அன்று பெயர் பெற்றவர் ஹேகில் இருந்த ஆந்த்ரேயாஸ் ஸ்கெல்ப்ஹவுட். அவருடைய படங்களில் மையம் பனியும் அதில் சறுக்கும் கூட்டமும். கூக்கூக்கின் குளிரிலோ மையம் அப்போதும் மரம்தான்.

சரி, காடில்லாத மக்கள் இதை ஏன் விரும்பினார்கள்? இல்லாததற்கு ஏங்கினார்கள் என்று சொல்லிவிட்டுப் போகலாம். அதில் உண்மையும் உண்டு. ஆனால் அதோடு சேர்ந்து ஒரு அரசியல் காரணமும் இருந்தது. 1830இல் பெல்ஜியம் கிளர்ந்து எழுந்து நெதர்லாந்தை விட்டுப் பிரிந்தது. 1839இல் அந்தப் பிரிவு ஒப்பந்தமாக ஏற்கப்பட்டது. நாடு சுருங்கிய அந்த ஆண்டுகளில் டச்சுக்காரர்கள் தங்களுடைய 17ஆம் நூற்றாண்டை, கடல் வணிகமும் ஓவியமும் உச்சத்தில் இருந்த காலத்தை, பெருமையோடு திரும்பிப் பார்த்தார்கள். அந்த நூற்றாண்டின் காட்டு ஓவியர்கள் யாகொப் ஃபான் ராய்ஸ்டால், மெய்ன்டெர்ட் ஹொப்பேமா. அவர்களுடைய படங்களோ பிரிட்டிஷ் சேகரிப்பாளர்களின் கைக்குப் போய்க்கொண்டிருந்தன. பழையதை வாங்க முடியாதவர்களுக்கும், பழைய மரபு இன்னும் சாகவில்லை என்று நம்ப விரும்பியவர்களுக்கும் கூக்கூக் கிடைத்தார். ஹொப்பேமாவின் மணற்பாதையும் ராய்ஸ்டாலின் முறிந்த ஓக்கும் அவரிடம் புது மெருகோடு வந்தன.

அந்த முன்னோர்களும் இதே வேலையைத்தான் செய்திருந்தார்கள் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ராய்ஸ்டால் 1650 வாக்கில் ஹார்லெமிலிருந்து எல்லைக்கு அப்பால் உள்ள பென்ட்ஹைம் ஊருக்குப் போனார். அங்கே ஒரு சிறு மேட்டின் மேல் ஒரு கோட்டை இருக்கிறது. 1653இல் அவர் தீட்டிய படத்தில் அந்த மேடு காடு அடர்ந்த மலையாக உயர்ந்துவிட்டது. அந்தப் படம் இப்போது டப்ளினில், அயர்லாந்து தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. ராய்ஸ்டால் மேட்டை மலையாக்கினால் மேதைமை, கூக்கூக் ஓக்குக்குப் பின்னால் குன்று வைத்தால் பொய் என்று சொல்வது நியாயமில்லை. இருவருக்கும் இடையே வேறுபாடு இல்லாமல் இல்லை. ராய்ஸ்டாலின் காட்டில் ஒரு கனம் உண்டு. இருட்டு அங்கே நிஜமாகவே இருட்டு, ஓடும் நீரிலும் சாய்ந்த தண்டிலும் அழிவு தெரியும். கூக்கூக்கிடம் அழிவும் அழகாகிவிடுகிறது. செத்த கிளையின் மேலும் வெயில் பொன் பூசிவிடும். அவருடைய பலவீனம் எங்கே என்று கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன், கற்பனைக் குன்றை அல்ல.

பலவீனமோ பலமோ, சந்தைக்கு அது பிடித்திருந்தது. நெதர்லாந்து அரசர் இரண்டாம் வில்லெம், பிரஷ்ய அரசர் நான்காம் ஃபிரீட்ரிஷ் வில்ஹெல்ம், ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாண்டர் ஆகியோர் அவருடைய படங்களை வாங்கினார்கள். இரண்டாம் வில்லெம் லக்ஸம்பர்கின் பெருங்கோமகனாகவும் இருந்ததால், 1840களில் அந்த நாட்டின் காட்சிகளைத் தொடராக வரையும்படி கூக்கூக்கிடம் சொன்னார். டச்சு அரசரின் கையில் மிஞ்சியிருந்த மலைநாடு அதுதான் என்பதை நினைத்தால் அந்த விருப்பம் புரியும். அரசர் 1849இல் கடன் வைத்துவிட்டு இறந்தார். அடுத்த ஆண்டு அவருடைய பெரும் ஓவியச் சேகரிப்பு ஹேகில் ஏலத்துக்கு வந்தது.

கிளேவேயில் கூக்கூக்கின் வளர்ச்சி கட்டடமாகவே எழுந்தது. 1841இல் ஓவியம் கற்பிக்கும் கழகம் ஒன்றைத் தொடங்கினார். 1843இல் பெல்வெடெர் என்ற பணிக்கூடக் கோபுரம். 1848இல் மாளிகை போன்ற வீடு. யோஹான் பெர்ன்ஹார்ட் கிளோம்பெக், லோடெவைக் யோஹன்னஸ் கிளைன், மைத்துனர் அலெக்சாண்டர் யோசப் தைவாய் என்று பலர் அவரைச் சுற்றித் தேர்ந்தார்கள். கிளோம்பெக் காட்டை வரைய, பெல்ஜிய விலங்கு ஓவியர் ஓய்ஷேன் வெர்புக்கோவன் அதில் ஆடுமாடுகளையும் ஆட்களையும் சேர்த்த படங்கள் நிறைய உண்டு. ஒரே படத்தில் இரண்டு கையெழுத்து இருக்கும். மரத்துக்கு ஒருவர், மாட்டுக்கு ஒருவர். இன்றைய நமக்கு இது வியப்பாக இருந்தாலும் அன்றைய தொழில்முறையில் வெளிப்படையான, மதிப்பான ஏற்பாடு. இதையெல்லாம் சேர்த்துத்தான் கிளேவே கற்பனாவாதம் என்று கலை வரலாற்றில் ஒரு பிரிவாகப் பேசுகிறார்கள்.

புகழோடு போலிகளும் வந்தன. அவருடைய பெயரில் மற்றவர்கள் படம் விற்கத் தொடங்கியதும் அவர் ஒரு வழி கண்டார். படத்தின் பின்பக்கத்தில், இது என் கையால் தீட்டப்பட்டது என்று எழுதிக் கையெழுத்திட்ட சீட்டை ஒட்டி, அரக்கு முத்திரை வைத்தார். இன்றும் ஏலக்கூடங்களில் கூக்கூக் படம் வந்தால் முதலில் அதைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்பவர்கள் உண்டு. அந்த முத்திரை இருந்தால் ஐயம் பெருமளவு குறையும். இல்லாவிட்டால் மாணவர்களில் ஒருவருடையதாக இருக்கலாம், கூக்கூக் குடும்பத்திலேயே வேறொருவருடையதாகவும் இருக்கலாம். அந்தக் குடும்பத்தில் அத்தனை ஓவியர்கள்.

இதே 1840களில், எல்லைக்கு நெதர்லாந்துப் பக்கம், ஆர்னெம் நகரத்தை ஒட்டிய ஓஸ்டர்பேக் கிராமத்தில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. யோஹன்னஸ் வார்னார்டுஸ் பில்டர்ஸ் என்ற ஓவியர் 1841இல் அங்கே குடியேறினார். ரைன் கரை, ஓடைகள், வேலுவேயின் தெற்கு விளிம்பு. பக்கத்தில் வோல்ஃப்ஹேசேயில் சில மிகப் பழைய ஓக் மரங்கள். அந்த மரங்களுக்கு ஓவியர்கள் பழைய ஜெர்மானியக் கடவுள் வோடனின் பெயரை வைத்தார்கள். வோடன் ஓக்குகள் என்று இன்றும் அவை அந்தப் பெயரிலேயே அறியப்படுகின்றன. இளைஞர்கள் பில்டர்ஸைச் சுற்றிக் கூடினார்கள். அவர்கள் தேடிப் போனது கூக்கூக் தேடிய அதே கிழட்டு ஓக்தான், ஆனால் அதன்முன் உட்கார்ந்து வண்ணம் தீட்டினார்கள். வண்ணக் குழாய் அதற்குள் கடைக்கு வந்துவிட்டது.

இன்னொருவர் வில்லெம் ரூலோஃப்ஸ். 1847இல் பிரஸ்ஸல்ஸுக்குக் குடிபெயர்ந்த அவர், 1851இல் பாரிஸுக்குத் தெற்கே ஃபோந்தேன்புளோ காட்டுக்குப் போனார். அங்கே பார்பிசோன் கிராமத்தில் தியோதோர் ரூஸோவும் நண்பர்களும் காட்டை வெளியே இருந்தே வரைந்துகொண்டிருந்தார்கள். ரூலோஃப்ஸ் ஓவியர் மட்டுமில்லை, வண்டுகளைப் பற்றித் தீவிரமாக ஆராய்ந்த பூச்சியியலாளரும்கூட. அப்படிப்பட்டவர் காட்டைக் கூக்கூக்கைவிட நுணுக்கமாக, இலை இலையாக வரைந்திருப்பார் என்று எதிர்பார்ப்போம். நடந்தது நேர்மாறு. அவருடைய படங்களில் தூரிகை அகலமாகிறது, இலைகள் கூட்டமாகின்றன, மழைக்கு முந்தைய ஈரக் காற்று முக்கியமாகிறது. விவரம் தெரியாததால் வந்த விடுதல் அல்ல அது. எதைக் காட்ட வேண்டும் என்ற தீர்மானமே மாறிவிட்டது.

மூத்த பில்டர்ஸின் மகன் கெரார்ட் அந்த மாற்றத்தைச் சொற்களிலும் பதிவுசெய்தவர். 1860இல் பிரஸ்ஸல்ஸ் கண்காட்சியில் பிரெஞ்சு ஓவியங்களைப் பார்த்துவிட்டு உள்ளம் கொதித்தார். பளபளப்பான பச்சையும் பொன்னும் வேண்டாம், எல்லா நிறங்களும் உள்ளடங்கிய வண்ணமுள்ள ஒரு சாம்பல் வேண்டும் என்று தன் புரவலருக்கு எழுதினார். காசநோயால் 1865இல், 26 வயதில் இறந்துபோனார். அவர் கேட்ட சாம்பல்தான் 1870களில் ஹேக் பள்ளி எனப்படும் டச்சு ஓவியர் குழுவின் அடையாளமாயிற்று. கூக்கூக் இதைக் காணவில்லை. 1859இல் பக்கவாதம் அவருடைய கையை நிறுத்தியது. 1862 ஏப்ரலில் கிளேவேயில் இறந்தார். அவருக்குப் பின் ஒரே தலைமுறைக்குள் அவருடைய ஓக்குகள் வரவேற்பறைச் சரக்கு என்று ஒதுக்கப்பட்டன.

அந்தத் தலைமுறை எவ்வளவு தூரம் போயிற்று என்பதற்கு ஒரு சான்று. 1882 இலையுதிர்காலத்தில் வின்சென்ட் வான் கோ ஹேகில் இருந்தார். பக்கத்துத் தோப்பில் பீச் மரங்களை வரைந்ததைத் தம்பி தியோவுக்குக் கடிதத்தில் விவரிக்கிறார். தரையின் வண்ணம் அப்பிக் கிடந்ததில் தூரிகைக் கோடு மூழ்கிப்போனதாம். ஆகவே வேர்களையும் தண்டுகளையும் குழாயிலிருந்தே நேராகப் பிதுக்கி வைத்து, பிறகு தூரிகையால் கொஞ்சம் வடிவம் கொடுத்தாராம். மரம் தரையிலிருந்து வலுவாக எழுந்து நிற்க வேண்டும் என்பதே அவருடைய கவலை. கூக்கூக்கின் கவலையும் அதுதான். தூரிகைத் தடமே தெரியாத பலகைக்கும், வண்ணம் தடித்து நிற்கும் இந்தக் கித்தானுக்கும் இடையே உள்ளது நாற்பது ஆண்டு.

இந்த நாற்பது ஆண்டில் உண்மையான காடுகளுக்கு என்ன ஆயிற்று? பிரான்சில் ஓவியர்களின் குரலுக்குப் பலன் இருந்தது. ரூஸோவும் நண்பர்களும் மரம் வெட்டுவதை எதிர்த்து முறையிட்டதன் தொடர்ச்சியாக, 1861இல் ஃபோந்தேன்புளோவின் 1,097 ஹெக்டேர் கலைக்கென ஒதுக்கப்பட்டு வெட்டுவதிலிருந்து காக்கப்பட்டது. நெதர்லாந்தில் அப்படி நடக்கவில்லை. அப்பல்டோர்ன் அருகே பேக்பெர்கர்வவுட் என்று ஒரு காடு இருந்தது. நாட்டின் கடைசி ஆதிக்காடு என்று அதைத்தான் சொல்கிறார்கள். 1871இல் அதன் கடைசி மரங்களும் வெட்டப்பட்டு நிலம் விவசாயத்துக்குப் போயிற்று. வேலுவேயின் ஓரத்தில், வோடன் ஓக்குகளிலிருந்து எட்டும் தூரத்தில் நடந்த விஷயம். ஆனால் அது ஆல்டர், ஆஷ் மரங்கள் நின்ற சதுப்புக் காடு. ஈரம், சேறு, சிக்கல். கூக்கூக் பாணிப் படத்தில் இருக்கும் மணற்பாதையோ, தனித்து நிற்கும் பெருமரமோ, தொலைவுக்குத் திறக்கும் இடைவெளியோ அங்கே கிடையாது. ஒரு நாடு எந்தக் காட்டை அழகு என்று கற்றுக்கொள்கிறதோ அதைத்தான் காப்பாற்ற நினைக்கும் என்பது என் ஐயம். இயற்கைப் பாதுகாப்புக்கென டச்சுக்காரர்கள் சங்கம் அமைத்தது 1905இல்தான்.

கிளேவேயின் காட்டுக்கு வேறு கதை. 1945 பிப்ரவரி 8இல் பிரிட்டிஷ், கனடியப் படைகள் ரைஷ்ஸ்வால்ட் வழியாக ரைனை நோக்கித் தாக்குதல் தொடங்கின. அதற்கு முன்பே இரண்டு குண்டுவீச்சுகளில் கிளேவே நகரம் பெரும்பகுதி தரைமட்டமாகியிருந்தது. காட்டில் குண்டுகள் மரங்களைப் பிளந்தன. இன்று அந்தக் காட்டுக்குள் ஒரு போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 7,500க்கும் மேற்பட்ட காமன்வெல்த் வீரர்கள் அங்கே கிடக்கிறார்கள். போருக்குப் பின் கிழக்குப் பகுதிகளிலிருந்து துரத்தப்பட்டு வந்த ஜெர்மானிய மக்களைக் குடியமர்த்தக் காட்டின் ஒரு பகுதி வெட்டப்பட்டு, ரைஷ்ஸ்வால்டே, நீர்ஸ்வால்டே என்று இரண்டு ஊர்கள் எழுந்தன. கூக்கூக்கின் வீடு மட்டும் தப்பியது. 1960இலிருந்து அது அருங்காட்சியகம். அவருடைய படங்களையும் அவருடைய வட்டத்தின் படங்களையும் அங்கே பார்க்கலாம். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியத்திலும் அவர் இருக்கிறார்.

அந்தப் படங்களை வைத்து 1840ஆம் ஆண்டின் காட்டை மீட்டெடுக்க முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. முழுப் படத்தை வரைபடம் போல எடுத்துக்கொண்டு, இந்த ஓக் எங்கே நின்றது என்று தேடினால் கிடைக்காது. அது நின்ற இடம் அவருடைய பணிக்கூடம். ஆனால் மரத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் நிறையக் கிடைக்கும். தாழ்ந்த உயரத்திலேயே பரந்து விரியும் கிளைகள், அந்த ஓக் நெருக்கமான காட்டில் வளரவில்லை, மேய்ச்சலுக்குத் திறந்துவிட்ட வெளியில் வளர்ந்தது என்று சொல்கின்றன. உச்சி காய்ந்து கீழ்க்கிளை பசுமையாக இருப்பது முதுமையின் அடையாளம். தலை வெட்டப்பட்டு வீங்கிய தண்டு, அந்த மரத்தைப் பல தலைமுறை விறகுக்காக வெட்டிவந்ததைக் காட்டுகிறது. பாதையில் சிறியதாகத் தெரியும் அந்த விறகுக்காரருக்கும் மரத்தின் வடிவத்துக்கும் நேரான தொடர்பு உண்டு. அடுத்த முறை கூக்கூக்கின் காடு ஒன்று கண்ணில் பட்டால் பொன் வெயிலை விட்டுவிட்டு முதலில் தண்டிலிருந்து கிளை பிரியும் இடத்தைப் பாருங்கள். அங்கே அவர் எதையும் கற்பனை செய்யவில்லை.